குளவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்

எங்களைப் போன்ற பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் வந்து "பயிரைத் தாக்கும் பூச்சியை அடக்க ஒட்டுண்ணி விடுங்கள், நல்லது" என்று சொல்வது, ஆடு மேய்ப்பவனிடம் நரியைச் சிபாரிசு செய்வதைப் போன்றது. எங்களுக்குத் தெரிந்த ஒட்டுண்ணி ஊசி ஈ. புழுவின் முதுகில் வெள்ளையாக ஒரு முட்டையை வைத்துவிட்டுப் பறந்துவிடும். சில நாளில் அந்த இடத்தில் கறுப்புத் தழும்பு விழும். உள்ளே போன ஈப்புழு பட்டுப்புழுவைத் தின்று கொழுத்து, கட்டிய கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளை விழுந்த கூட்டை நூல் எடுக்க யாரும் வாங்குவதில்லை. மேற்கு வங்கத்தில் இருந்த அந்த ஈ 1980-ல் கூட்டு மூட்டைகளோடு கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்தது, பிறகு எங்கள் பக்கமும் வந்தது. அதற்கு எந்தச் சோதனையும் நடக்கவில்லை, அனுமதியும் யாரும் தரவில்லை.

அதனால் 2010-ன் கடைசியில், கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு ஓர் அதிகாரி சிறிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து "இதில் ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது" என்றபோது, என் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: "இது ஊசி ஈக்கு என்ன உறவு?"

அப்போது எங்கள் நிலைமை மோசம். 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே வருடத்தில் மல்பெரி, மரவள்ளி, பப்பாளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டது. மல்பெரியில் மருந்தடித்தால் அந்த இலையைத் தின்கிற புழு சாகும். மருந்தின் வீரியம் குறையும் வரை காத்திருந்தால் பூச்சி மறுபடி ஏறிவிடும். தோட்டத்தை வேரோடு பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. அந்தப் பெட்டியில் இருந்தது அசெரோபாகஸ் பப்பாயே, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவி. மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது என்பதால், அதன் எதிரியையும் அந்தப் பக்கத்திலேயே தேடிப் பிடித்திருந்தார்கள். அமெரிக்க வேளாண் துறை போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்த குளவிகளைப் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் 2010-ல் தருவித்தது. அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விடத் தொடங்கினார்கள்.

"இது பட்டுப்புழுவைக் குத்துமா?" என்று கேட்டேன். "குத்தாது" என்றார் அதிகாரி. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கினார். அந்த அரை மணி நேரத்தோடு, அதற்குப் பிறகு நானாகச் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். தோட்டத்துக்குக் குளவி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவலாம்.

முழுப் பெயரைக் கேளுங்கள்

குளவி என்றதும் நம் கண்ணில் நிற்பது, உத்தரத்தில் மண்கூடு கட்டி, சீண்டினால் கொட்டுகிற குளவி. இங்கே பேசுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சிகளைப் பற்றி. எள்ளின் மேல் உட்கார்ந்தால் எள் பெரிதாகத் தெரியும். இப்படிப்பட்ட வகைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. "மாவுப்பூச்சிக் குளவி" என்று விற்பவர் சொன்னால் அது பதில் ஆகாது. இரண்டு சொற்கள் கொண்ட அறிவியல் பெயரைக் கேளுங்கள். அதைப் பெருக்கத் தொடங்கிய தாய் இருப்பு எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு கதை இருக்கிறது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரைத் தாக்கிய கூன்வண்டுக்கு எதிராக 1982-ல் மொராக்கோவிலிருந்து மைக்ரோக்டோனஸ் ஏத்தியாய்டிஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்த வண்டை அடக்கியது. ஆனால் அந்த நாட்டுக்கே உரிய கூன்வண்டுகள் சிலவற்றையும் குத்தியது. முட்செடியை அழிக்க அவர்களே கொண்டுவந்து விட்டிருந்த இன்னொரு கூன்வண்டையும் அது விட்டுவைக்கவில்லை. சூடு கண்டவர்கள் அடுத்த குளவியை 1991-ல் விடும்போது, உள்ளூர் வண்டுகளை முன்கூட்டியே வைத்துச் சோதித்தார்கள். 2006-ல் வேறொரு கூன்வண்டுக்காக அதே ஏத்தியாய்டிஸ் குளவியை மறுபடி விட்டார்கள், ஆனால் இம்முறை அயர்லாந்து வகை. அது ஆண் துணையில்லாமலே பெருகும் என்பதால், ஏற்கெனவே அங்கிருக்கிற மொராக்கோ வகையோடு கலக்க வாய்ப்பில்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். நடத்தையோ வேறு வேறு.

வேறு எதையெல்லாம் குத்தும்?

பாதுகாப்பு என்று வரும்போது முக்கால்வாசி விஷயம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அசெரோபாகஸ் பப்பாளி மாவுப்பூச்சியின் குஞ்சுகளைத் தேடிப் போகும், மற்றவை அதன் கண்ணுக்குப் படுவதே இல்லை. இதற்கு மறு துருவம் டிரைக்கோகிரம்மா, மற்றப் பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடும் குளவி. கரும்புத் தோட்டத்தில் அட்டையாகக் கட்டுகிறார்களே, அதுதான். அந்த அட்டையில் ஒட்டியிருப்பவை அரிசியைத் தாக்கும் அந்துப்பூச்சியின் முட்டைகள். கரும்பின் இடைக்கணுப் புழுவுக்காக விடுகிற குளவியை அரிசி அந்துப்பூச்சி முட்டையில் வளர்க்க முடிகிறது என்றால் என்ன பொருள்? அதற்கு முட்டை முக்கியம், யாருடைய முட்டை என்பது அவ்வளவு முக்கியம் இல்லை.

இதைப் பட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டும். சீனாவில் டிரைக்கோகிரம்மாவின் ஒரு வகையை மொத்தமாகப் பெருக்குவதே கருவாலி மரத்துப் பட்டுப்பூச்சியின் முட்டையில்தான். அது நம்முடைய மல்பெரிப் பட்டுப்பூச்சி இல்லை, உண்மை. ஆனாலும் கரும்புக்கு வாங்கிய அட்டையைப் பட்டுப்பூச்சி முட்டைத் தாள் வைக்கும் அறையில் ஒரு ராத்திரி வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். என் மைத்துனர் ஒரு முறை இரண்டையும் ஒரே மேசையில் வைத்திருந்தார். கேட்டால், "இரண்டும் முட்டைதானே மாப்பிள்ளை" என்றார். அதனால்தான் வைக்கக்கூடாது என்றேன்.

எல்லா ஒட்டுண்ணிக்கும் பட்டுப்புழு பகை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஊசி ஈயை அடக்க நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற குளவியைப் புழு வளர்ப்பு மனைக்குள்ளேயே பையில் தொங்கவிடுகிறோம். அது ஈக்களின் கூட்டுப்புழுவைத் தேடிப் போய், அதன் ஓட்டைத் துளைத்து முட்டையிடும். வளர்ப்பதும் வீட்டு ஈயின் கூட்டுப்புழுவில்தான். பெரியப்பா கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான்: சில குளவிகள் ஊசி ஈக்கே எமன்.

பாட்டில் சோதனை

இனி நான் செய்து பார்த்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஏற்கெனவே அரசு அனுமதி பெற்றுப் புழக்கத்தில் இருக்கும் குளவிக்கு மட்டும். நம் தோட்டத்தில் நாம் காப்பாற்ற நினைக்கும் ஒரு பூச்சிக்கு அதனால் ஆபத்து உண்டா என்று நம் கண்ணால் பார்த்துக்கொள்வதற்கு.

முதல் தடவை நான் செய்தது தப்பு. ஒரு பாட்டிலில் பத்துப் பட்டுப்புழு, இருபது குளவி, கொஞ்சம் இலை, மூடியில் ஒரு சொட்டுத் தேன். இரண்டு நாள் கழித்துப் புழுக்கள் நன்றாக இருந்தன. ஊரெல்லாம் "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வந்த அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "மறுநாள் காலையில் குளவிகள் உயிரோடு இருந்தனவா?" நான் பார்க்கவே இல்லை. பாட்டிலை எடுத்துவந்து வெளிச்சத்தில் காட்டினேன். இருபதில் பெரும்பாலானவை தேன் சொட்டில் மூழ்கிச் செத்து ஒட்டிக் கிடந்தன. செத்த குளவி யாரையும் குத்தாது என்பதைத்தான் நான் நிரூபித்திருந்தேன்.

ஆகவே நான்கு பாட்டில்கள் வேண்டும். வாய் அகன்ற ஊறுகாய்ப் பாட்டில் போதும். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்தது. மருந்து வைத்திருந்த பாட்டில் கூடவே கூடாது. மூடிக்குப் பதிலாக நெருக்கமான நெசவுள்ள பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். கொசுவலை போதாது, குளவி அதன் கண்ணிக்குள் நடந்தே போய்விடும். தேனைச் சொட்டாக வைக்காதீர்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, காகிதத் துண்டில் ஈர்க்குச்சியால் மெல்லிய கோடாக இழுங்கள்.

முதல் பாட்டிலில் பட்டுப்புழு மட்டும். இரண்டாவதில் பட்டுப்புழுவும் குளவியும். மூன்றாவதில் பட்டுப்புழு, மாவுப்பூச்சி, குளவி மூன்றும். நான்காவதில் மாவுப்பூச்சியும் குளவியும் மட்டும். மாவுப்பூச்சியை முளைவிட்ட உருளைக்கிழங்கில் வளர்த்துக்கொள்ளலாம், ஆய்வுக்கூடங்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள். குளவிகள் வெளிவந்து இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். அன்றே பொரித்ததை விட்டால் அது இணை சேர்ந்திருக்குமா, முட்டையிடத் தயாராக இருக்குமா என்று சொல்ல முடியாது.

நான்காவது பாட்டிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே மாவுப்பூச்சிகள் உப்பி, வெள்ளை மாவு குறைந்து, பழுப்பேறி, தொட்டால் ஓடுபோல் கெட்டியாக ஆகியிருந்தால்தான் குளவிகள் வேலை செய்யும் நிலையில் இருந்தன என்று பொருள். அது நடக்கவில்லை என்றால் மற்ற மூன்று பாட்டிலில் தெரிந்தது எதற்கும் மதிப்பில்லை, கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். முதல் பாட்டில் எதற்கு என்றால், இரண்டாவதில் இரண்டு புழு செத்துப்போனால் அது குளவியாலா, இலை வாடியதாலா என்று தெரிய வேண்டுமே, அதற்கு.

ஒரு கைப்பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து பாருங்கள். பாட்டிலை ஜன்னல் பக்கம் வைத்தால் குளவிகள் எல்லாம் வெளிச்சம் வரும் பக்கத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும், வேலையைக் கவனிக்காது. அவ்வப்போது திருப்பி வையுங்கள். மாவுப்பூச்சி மேல் வந்து நின்றதும் குளவி செய்வதைப் பார்க்க வேண்டும். உணர்கொம்பு இரண்டையும் வைத்து மத்தளம்போல் தட்டும். தட்டியபடியே ஒரு சுற்று வரும். பிறகு அப்படியே திரும்பி நின்று, பின்பக்கத்தை மாவுப்பூச்சிமேல் அழுத்தி அசையாமல் நிற்கும். அந்த அசையாமல் நிற்கும் நேரம்தான் முட்டை இறங்கும் நேரம். பட்டுப்புழு மேலும் அது ஏறியது. நடந்தது, ஒரு முறை தட்டியது, இறங்கிப் போய்விட்டது. மூன்றாம் பருவப் புழு தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே ஏறுவது வேறு, குத்துவது வேறு, உள்ளே வளர்ந்து வெளியே வருவது வேறு. மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சில குளவிகள் தப்பான பூச்சியைக் குத்தும், ஆனால் அதன் குஞ்சு அங்கே பிழைக்காது. அப்படியும் குத்துப்பட்ட பூச்சி சாகலாம். அதனால் இரண்டு நாளில் சோதனையை முடித்துவிடாமல், பட்டுப்புழுக்களைத் தனித்தட்டுக்கு மாற்றி, கூடு கட்டி, அந்து வெளிவரும் வரை வளர்த்து, முதல் பாட்டில் புழுக்களோடு ஒப்பிடுங்கள். நான் மூன்று முறை செய்தேன். என் தட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

பாட்டிலை முழுக்க நம்பவும் கூடாது. அடைபட்ட குளவி வேறு வழியில்லாமல் வெளியே தொடாததையும் தொடும். சுவிட்சர்லாந்தில் மக்காச்சோளத் துளைப்பானுக்காக விடும் டிரைக்கோகிரம்மாவைக் கூண்டில் வைத்துப் பார்த்தபோது பட்டாம்பூச்சி முட்டைகளைத் தாராளமாகக் குத்தியது. திறந்தவெளியில் அப்படி நடந்தது மிகக் குறைவு. அந்த முட்டைகள் இருந்த செடிகளை அது சரிவரத் தேடிப் போகவில்லை. ஆகவே பாட்டிலில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மனதுக்கு ஆறுதல். ஏதாவது நடந்தால் உடனே தீர்ப்பு எழுதிவிடாமல் பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ கேளுங்கள்.

பெட்டிக்குள் வேறு யார் இருக்கிறார்கள்?

சில வருடம் கழித்து ஒரு தனியார் விற்பனையாளரிடமிருந்து பணம் கொடுத்து வாங்கிய பெட்டி ஒன்று. குத்துப்பட்டுக் கெட்டியான மாவுப்பூச்சிகளை அடைத்து அனுப்பியிருந்தார். நேராகத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் பழக்கதோஷத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தேன். நாலு நாளில் வெளிவந்தவற்றில் பாதிக்கு மேல் கறுப்பு. அசெரோபாகஸ் மஞ்சள் நிறம். கறுப்பாக வந்தது, குளவிக்குள் வளரும் இன்னொரு குளவி. மாவுப்பூச்சி ஒட்டுண்ணிகளுக்குச் சார்டோசெரஸ் போன்ற மேல் ஒட்டுண்ணிகள் உண்டு. அவை நம் ஆளைத் தின்று மாவுப்பூச்சியைக் காப்பாற்றும். அவ்வளவையும் திறந்து விட்டிருந்தால் எங்கள் ஊரில் பல வருடமாக வேலை செய்துகொண்டிருந்ததையும் கெடுத்திருப்பேன். பெட்டியை வெந்நீரில் கொட்டினேன், பணம் போனது போனதுதான்.

அதிலிருந்து எனக்கு ஒரு விதி: எந்தப் பெட்டியும் முதலில் பாட்டிலுக்குள்தான் திறக்கப்படும். நிறம் பார்த்து, அளவு பார்த்து, சந்தேகப்படும்படி ஒன்று இருந்தாலும் தனியே பிடித்துச் சாராயத்தில் போட்டு, தெரிந்தவரிடம் காட்டிய பிறகே மற்றது வெளியே போகும்.

விட்டது திரும்பி வருமா?

வராது. மருந்தென்றால் அடிப்பதை நிறுத்தலாம். ஊரில் நிலைத்துவிட்ட குளவியைத் திரும்பக் கூப்பிட முடியாது. கரும்புக்கு டிரைக்கோகிரம்மா அட்டையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கட்டுவது ஒரு வகை. இங்கேயே இருக்கிற பூச்சியை எண்ணிக்கை கூட்டி விடுகிறோம், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நிரந்தரமாகக் குடியேற்றுவது முற்றிலும் வேறு. அதனால்தான் 2003-ல் வந்த தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, உயிருள்ள எந்த ஒட்டுண்ணியையும் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. வந்தவற்றையும் அடைப்பில் வைத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, கூடவே ஒளிந்து வந்த மேல் ஒட்டுண்ணிகளைக் கழித்து, வேறு பூச்சிகளைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகுதான் விட அனுமதி. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் "அங்கே ஒரு குளவி நன்றாக வேலை செய்கிறதாம், ஒரு டப்பாவில் கொண்டுவா" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி ஈ வந்த கதையை அவர்களுக்கு இன்னொரு முறை சொல்லுங்கள்.

நம் உடம்புக்கு

சாதாரணமாக ஒன்றும் செய்யாது, நம் தோலைத் துளைக்கும் அளவுக்கு அவற்றின் ஊசி இல்லை. தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு விடும் பெத்திலிட் என்ற குளவிக் குடும்பத்தில் மட்டும் கொட்டக்கூடிய உறவினர்கள் உண்டு, கையில் எடுத்து விளையாடாமல் இருந்தால் போதும். உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. டிரைக்கோகிரம்மா உற்பத்திக் கூடத்தில் அந்துப்பூச்சிகளின் செதிள் தூள் காற்றில் பறக்கும், வருடக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்கு இழுப்பு வரலாம். குளவி வளர்க்கும் தொழிலில் இறங்குபவர்கள் முகக்கவசத்துக்கும் காற்றை உறிஞ்சும் விசிறிக்கும் முதலில் காசு ஒதுக்குங்கள்.

விட்ட பிறகு

இதைச் செய்பவர்கள் குறைவு. நான்கு வாரம் கழித்துத் தோட்டத்தில் மாவுப்பூச்சியை மட்டும் பார்க்காமல், வேலியோரத்துத் துத்தி, செம்பருத்தி, பார்த்தீனியம் எல்லாவற்றையும் பாருங்கள். பப்பாளி மாவுப்பூச்சி அங்கேயும் இருக்கும், குளவி அங்கே பெருகினால் நமக்கு லாபம். அடுத்து, மல்பெரியில் துக்ரா என்ற இலைச் சுருக்கம் கண்ட நுனிகளைக் கொஞ்சம் ஒடித்துவந்து பாட்டிலில் போடுங்கள். துக்ராவை உண்டாக்குவது வேறொரு மாவுப்பூச்சி, இளஞ்சிவப்பு நிறம். விட்ட குளவி அதற்கும் தாவியிருக்கிறதா என்று இதில் தெரியும். மூன்று வாரம் வைத்திருந்து வெளிவருவதை எண்ணினேன். மஞ்சளாக ஒன்றுகூட வரவில்லை. குரங்கு முகம்போல ஒரு கூட்டுப்புழு ஒட்டியிருந்ததைப் பார்த்து என் பேத்தி அலறிவிட்டாள். அது மாவுப்பூச்சியைத் தின்று வளரும் ஒரு பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு, நம் கூட்டாளிதான். மாவுப்பூச்சி குறையும்போது அதன் எண்ணிக்கையும் குறையும், அதைக் குளவியின் கணக்கில் எழுத வேண்டாம்.

எடை போடும்போது தட்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். குளவியை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம்? நாங்கள் மல்பெரிக்கு அடித்துக்கொண்டிருந்த டைகுளோர்வாஸ் 2020-ன் முடிவோடு நாட்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அது பொறிவண்டையும் விட்டதில்லை, தேனீயையும் விட்டதில்லை. குளவியிடம் நூறு கேள்வி கேட்கிற நாம், அந்தப் புட்டியிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

இப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறார்கள். 2020-ல் திருச்சூரில் தென்பட்டுச் சேலம், நாமக்கல் என்று பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி அதில் ஏறிவிட்டது. அதற்கும் ஒரு குளவி உண்டு, அனகைரஸ் லோபெசி. ஆப்பிரிக்காவில் 1981 முதல் விட்டு மரவள்ளியைக் காப்பாற்றியது. அங்கே பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். போன வாரம் சித்தப்பா ஒரு பெட்டியோடு வந்து, "உன் புழுவுக்கு ஒன்றும் ஆகாதே, கேட்டுவிட்டுத்தான் திறக்கலாம் என்று வந்தேன்" என்றார். வாசல் திண்ணையில் நான்கு பாட்டில் வைத்திருக்கிறேன். நான்காவதில் நேற்று இரண்டு மாவுப்பூச்சி பழுப்பேறியிருந்தன. இரண்டாவது பாட்டில் புழுக்கள் நாளை தோலுரிக்கும்.